படத்தில் நடந்த சிறுமி

எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தெரியும் என்று நம்பவைத்து என் மனைவியை ஏமாற்றினேன்!

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். டொரோண்டோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன். கலியாணம் பேசியபோது, “மாப்பிள்ளை இங்கிலீசில வெளுத்து வாங்குவார்” என்று தரகர் அளந்துவிட்டார். நான் மறுக்கவில்லை... கூச்சமா, ஆசையா?

மனைவி மலர் கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் யாரோ கைவிட்டுப்போன பழைய அமெரிக்கச் சஞ்சிகைகளை எடுத்துவந்தேன். எல்லாம் 1957ஆம் ஆண்டுக்குரியவை. வால் முளைத்த கார்கள், இடுப்பை வளைத்துப் பாடும் இளைஞர்கள், ரஷ்யர்கள் விண்ணுக்கு அனுப்பிய நாய்... ஞாயிற்றுக்கிழமைகளில் படத்தைப் பார்த்துக் கதை கட்டி, வாசிப்பதுபோல் சொன்னேன்.

“மெய்யே? ஒரு மனுசரும் ஏறமாட்டன் எண்டிட்டினமாக்கும், பாவம் நாய்!” என்று மலர் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் அளந்தேன்.

ஒரு படத்தில், புத்தகத்தை அணைத்தபடி ஒரு கறுப்பினச் சிறுமி நடந்தாள். பின்னால் வெள்ளைக்காரக் கூட்டம் வாய் பிளந்து கத்தியது. எங்கள் ஊரில் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளையை ஆரவாரமாகக் கூட்டிவருவார்கள். அதுதான் என் நினைவுக்கு வந்தது.

“சோதினையில முதலாம் பிள்ளை. ஊரே கொண்டாடுது” என்றேன்.

மலரின் கண்கள் நிறைந்தன. கீழிருந்த எழுத்தோடு சேர்த்து வெட்டி, குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

வசந்தத்தில் ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். ஒருநாள் அந்தப் படத்தைக் கொண்டுபோய், பெருமையோடு கதை சொல்லியிருக்கிறாள். ஆசிரியை ஒரு கறுப்பினப் பெண்மணி. கோபிக்கவில்லையாம். கீழிருந்த வரிகளை மெதுவாக வாசித்து விளக்கினாராம்.

அன்று மலர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“அவங்கள் கொண்டாடேல்லை. வெள்ளைக்காரப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்கு வராதை எண்டு அந்தப் பிள்ளையைக் கலைக்கிறாங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ, தெரியாதோ?”

“தெரியாது...”

“அந்த ரீச்சரின்ர முகத்தைப் பார்த்தெல்லோ நான் உந்தக் கதையைச் சொன்னனான்!”

நீங்களே சொல்லுங்கள்! கலியாணப் பொய்யைக்கூட ஒருவேளை பொறுக்கலாம். ஒரு குழந்தையின் பயத்தை நான் திருவிழாவாக்கினேனே... அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பல நாள் மலர் தனியாகவே வகுப்புக்குப் போய்வந்தாள். பிறகொரு மாலை, வகுப்புக்குப் புறப்பட்ட மலர் வாசலில் நின்றாள்.

“ஜக்கெற்றைப் போடுங்கோ. பஸ் போகப்போகுது.”

மன்னித்ததாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஓடிப்போய் ஏறினேன்.

இப்போது எழுத்துக் கூட்டி முழு வரி வாசிக்கிறேன். ஆசிரியை “நல்லது” என்கிறார். அவர் முகத்தைத்தான் இன்னும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.