பாலத்தில் ஓடிய எட்டாவது பாட்டு

பதினாறு வயதில் எனக்கு ஊரில் எல்லோர் மேலும் கோபம். சிரித்தால் ஏன் சிரிக்கிறாய், சிரிக்காவிட்டால் ஏன் முகத்தை நீட்டுகிறாய். பெட்டையாய்ப் பிறந்தால் முகம்கூட எங்களுடையது இல்லை. அந்த நேரத்தில்தான் கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த மச்சாள் தன் பழைய போனை என்னிடம் விட்டுப்போனாள். அதற்குள் பங்க் பாட்டுகள் இருந்தன. அடித்து நொறுக்குகிற கிற்றார், தொண்டை கிழியக் கத்தல், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. கோபம் முழுதாக விளங்கியது.

பாலம் கடந்து வேலணையில் நான் போன ரியூசனுக்கு எங்கள் தீவின் இறுப்பிட்டிப் பெடியன் ஒருவன், அந்தப் பாட்டுக் குழுக்களில் ஒன்றின் பெயர் போட்ட கறுப்பு ரீசேட்டோடு வந்தான். வகுப்பு முடிந்ததும் நேரே போய், இவர்களின் பாட்டில் எது பிடிக்கும் என்று கேட்டேன்.

"ஆரின்ர பாட்டு?" என்றான். "இது மாமி பார்சலில அனுப்பினவ. ஓட்டை இல்லை, போடுறன்."

எங்கள் தீவில் பாதிப் பேர் அப்படித்தான். வெளிநாட்டுச் சொந்தக்காரர் கழித்த உடுப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கோயில் வீதிவரை போட்டுக்கொண்டு போவார்கள். வெட்கமில்லையா என்று ஏசினேன். அவன் கோபிக்கவில்லை.

"அப்ப தாருமன், கேட்டுப் பாப்பம்."

பென்ட்ரைவில் ஏற்றிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வந்து, எட்டாவது பாட்டில் ட்ரம்ஸ் அடிக்கிறவன் ஓரிடத்தில் பிழைவிடுகிறான், அதைத் திருத்தாமல் விட்டதுதான் தனக்குப் பிடித்தது என்றான். நான் அந்த இடத்துக்காகவே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவள். அன்றைக்கே அவனிடம் விழுந்தேன்.

கதைக்க இடம் கிடையாது. மினிபஸ்ஸில் பெட்டைகள் முன்னுக்கு, பெடியங்கள் பின்கதவில். ஏறியிருக்கும் எல்லோரும் யாருக்காவது மாமா, மாமி. நான் ஒருவனோடு பழகுவது வீட்டுக்குத் தெரிந்தால் ரியூசன் நிற்கும். பிறகு அவனைக் காணவே முடியாது. அதனால் ரியூசன் வாசலில் ஒரு பாட்டின் நீளத்துக்கு மட்டும் கதைப்போம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீடு திரும்பும்போது, சாரதி போட்டிருந்த சினிமாப் பாட்டு நின்று எட்டாவது பாட்டு வெடித்தது. அவன் தன் பென்ட்ரைவைச் சாரதியிடம் கொடுத்திருந்தான். பஸ் பாலத்தில் போகிறது, இரண்டு பக்கமும் கடல், எனக்காக அந்தப் பாட்டு முழுச் சத்தத்தில். மரக்கறிக் கூடையோடு இருந்த மாமி ஒருவர் காதைப் பொத்தினார். எனக்குப் பெரியப்பா முறையான ஒருவர் எழும்பி, எந்த விசரனின் பாட்டு இது, அவனை இதிலேயே இறக்கிவிடு என்றார். சாரதி பின்பக்கம் கையைக் காட்டினார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழும்பினேன். "அது என்ர பாட்டு, பெரியப்பா. முடியட்டும், விடுங்கோ."

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. பாட்டு இன்னும் ஒரு நிமிடம் ஓடியது. ஒருவரும் நிற்பாட்டவில்லை.

எங்கள் வீட்டடி மடத்துவெளியில் நான் இறங்க முன்னமே வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. ரியூசன் நின்றது. அப்பா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவன் பிறகு பிரான்சுக்குப் போனான். மனைவி, இரண்டு பிள்ளைகள், நல்லாய் இருக்கிறான். அவனைக் கட்டாததில் எனக்குக் கவலை இல்லை. இன்றைக்கு எந்தக் கூட்டத்திலும் எழும்பிக் கேள்வி கேட்கிற மனுசி என்று எனக்கு ஊரில் ஒரு கெட்ட பெயர். முதல் தடவை எழும்பியது அந்தப் பஸ்ஸில்தான்.

போன வருடம் போனில் கதைத்தோம். இப்போது அந்தப் பாட்டுகள் கேட்பதில்லை என்றான். ஏசினேன். பிறகு அந்தப் பஸ் நாளுக்காக நன்றி சொன்னேன்.

"எனக்கேன்? நான் குனிஞ்சுகொண்டெல்லோ நிண்டனான்."

அதற்குத்தான் என்றேன்.