படித் திருப்பத்தில் ஒரு பெட்டி

நாகர்கோவிலில் நான் வரைந்த கட்டிடங்களில் ஒன்றே ஒன்றுக்காக அடி வாங்கியிருக்கிறேன். கீழே இரண்டு தளம் பள்ளிக்கூடம், மேலே மூன்று தளம் வீடுகள். பிள்ளைகளுக்கு அகலமான படிக்கட்டு, வீட்டுக்காரர்களுக்குக் குறுகலாகத் தனியே ஒன்று. வீடுகள் தொடங்கும் தளம் வரை அகலப் படி ஏறும். அங்கே இரும்புக் கதவு. அந்நியர் பள்ளிக்குள் இறங்கக் கூடாது, சாவி தலைமையாசிரியையிடம் இருக்கட்டும் என்று சொன்னதும் நான்தான். அப்போது எனக்கு அவ்வளவு கர்வம்.

மறு வருடம், பள்ளிக்கு நேர் மேல்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் இறந்துபோனார். தெரிந்தவர் என்பதால் போயிருந்தேன். காலிச் சவப்பெட்டியை நிமிர்த்தி எப்படியோ ஏற்றிவிட்டார்கள். வீட்டு ஜெபம் முடிந்து மகன்கள் தோளில் தூக்க, குறுகல் படியின் முதல் திருப்பத்திலேயே பெட்டி சுவரில் இடித்து நின்றது. சரித்தார்கள். உள்ளே உடம்பு நழுவி மோதும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. லிஃப்டில் ஆறு பேர் நிற்கலாம், படுக்க முடியாது.

மூத்த மகன் மேலே ஓடி இரும்புக் கதவை உலுக்கினான். அந்தப்பக்கம் தலைமையாசிரியை, "பரீட்சை நடக்கு. ஒரு மணி வரை பொறுங்க," என்றார்.

"அப்பாவப் படியில போட்டுட்டுப் பொறுக்கவா?"

கடப்பாரை வந்தது. பூட்டு தெறித்தது. தடுத்த காவலாளியின் மூக்கில் ஒரு குத்து. விழுந்தவரை அருமனையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் இருவர் மிதித்தார்கள். விலக்க வந்த விளையாட்டு வாத்தியார் நாற்காலியை ஓங்கி இளைய மகனின் மண்டையை உடைத்தார். வகுப்பறைகளில் பிள்ளைகள் அலறினார்கள். "நிறுத்துங்க, இதை வரைஞ்சவன் நான்!" என்று நடுவில் புகுந்தேன். புத்திகெட்டவன்.

"ஏலே, நீயாலே?" மூத்தவன் விட்ட அறையில் என் கண்ணாடி பறந்தது. எனக்கும் வெறி ஏறிவிட்டது. தகப்பனை இழந்தவன் என்றும் பாராமல் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

களைத்துக் குறுகல் படிக்குத் திரும்பியபோது, பெட்டி நழுவாமல் தபால்காரரின் மனைவி தனியே தோள்கொடுத்து நின்றிருந்தார். இத்தனை நேரமும் ஒரு ஆணும் அங்கே இல்லை.

அகலப் படி வழியாக இறக்கினார்கள். பின்னால் வந்த அந்த அம்மா என்னருகே நின்றார்.

"நாங்க இங்க கெடந்து சாவோம்னு நீ நினைக்கவே இல்லியா மக்கா?"

"இல்லம்மா," என்றேன்.