ஏழு சிரிப்பு

பேத்தி பரீட்சைக்குப் படிக்கிறாள். கதையையும் நாடகத்தையும் ஆராய்வதற்கான கலைச்சொற்கள் என்று இருபத்திரண்டு சொற்களை ஒரே பக்கத்தில் நெருக்கி அச்சடித்திருக்கிறார்கள். எழுத்து கடுகைவிடச் சிறியது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். கதைக்கரு, உச்சம், தனிமொழி, முன்னுணர்த்தல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பதினான்காவது, நாடக முரண். ‘பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருத்தல்’ என்று ஒரு வரி. எடுத்துக்காட்டு இல்லை. மற்ற இருபத்தொன்றுக்கும் இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். இதற்கு மட்டும் ஏன் விட்டார்கள்? இப்படி அரைகுறையாகப் புத்தகம் போடுகிறவர்களை யார் கேட்பது?

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது ஆறாம் வகுப்பில். உப்பூருக்குத் தெற்கே கடலோரம் எங்கள் ஊர். பள்ளி ஆண்டு விழாவுக்குத் தமிழ் வாத்தியார் ஒரு சிரிப்பு நாடகம் எழுதியிருந்தார். அரண்மனைக்குள் நுழைந்த திருடன், ராஜாவின் கிரீடத்தை மாட்டிக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பான். காவல்காரன் அவனையே ராஜா என்று நம்பி, திருடனைத் தான் எப்படிப் பிடிக்கப்போகிறேன் என்று அவனிடமே அளப்பான். காவல்காரன் நான்தான்.

“கள்ளன் யாருன்னு ஊருக்கே தெரியும். ஒனக்கு மட்டும் தெரியாது. அதுக்குப் பேரு நாடக முரண்” என்றார் வாத்தியார். “தெரிஞ்ச மாதிரி மூஞ்சிய வச்சயோ, நாடகம் செத்துச்சு.”

எனக்கு ஒத்திகை பார்த்தவர் அய்யா. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். கரையில் வலையைப் பழுது பார்த்தபடியே, எதிரே என்னை நிற்கவைத்துப் பேசச் சொல்வார். “என் கண்ணுக்குத் தப்பி ஓர் ஈ கூட உள்ளே வர முடியாது மன்னா” என்று நான் சொன்னால் பல் தெரியச் சிரிப்பார். மொத்தம் ஏழு இடத்தில் சிரித்தார். எண்ணுகிற பழக்கம் எனக்கு அப்போதே உண்டு.

“ஏலே, சனம் சிரிக்கையில மேல மேல பேசாத. அலை அடங்கவும் வத்தையத் தள்ளுறோம்ல, அந்த மாதிரி சிரிப்பு அடங்கவும் பேசு” என்றார். வத்தை என்பது அவர் மீன்பிடிக்கப் போகும் சிறு படகு. விழாவன்று விடியுமுன் அதில் போனவர், “சாயங்காலம் மொத வரிசையில நான் இருப்பேன். ஏழுல ஒன்னு கொறஞ்சாலும் விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளிக்கூட வாசலில் பதினோரு பெஞ்சுகளைச் சேர்த்து மேடை போட்டிருந்தோம். வெயில் தணிந்ததும் ஊர் முழுக்க வந்து மணலில் உட்கார்ந்தது. முதல் வரிசையில் அய்யாவைக் காணவில்லை. எங்கள் முறை வருவதற்குச் சற்று முன், திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். மாமா கூட்டத்தின் பின்னால் வந்து நின்றார். இடுப்புவரை நனைந்திருந்தார். அம்மாவையும் அத்தையையும் வாத்தியாரையும் கட்டிடத்துக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார். கூட்டத்துக்குள் ஒரு முணுமுணுப்பு வரிசை வரிசையாக நகர்ந்து முன்னால் வந்தது. திரும்பி வந்த அம்மா, பழைய இடத்துக்குப் போகாமல் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

திரை விலகியது. ஈ வசனத்தைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அய்யா சொல்லிக் கொடுத்தபடி நிறுத்தினேன். அந்த அமைதியில் அம்மாவின் சிரிப்பு மட்டும் கேட்டது. பெரிய சிரிப்பு. அம்மா வீட்டில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை அடக்குகிறார்கள் என்று நினைத்தேன். எப்படியும் சிரிக்கவைத்துக் காட்டுகிறேன் என்று இன்னும் உரக்கப் பேசினேன். ஈட்டியைத் தூக்கிக் குதித்தேன். வாத்தியார் எழுதாததையெல்லாம் சேர்த்தேன். ஊர் என்னைப் பார்த்தது பார்த்தபடி இருந்தது. அம்மா மட்டும் ஏழு இடத்திலும் சிரித்தாள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால், உடல் கரையேறும்வரை யாரும் அழக்கூடாது. முந்தி அழுதால், எங்கேயோ பிழைத்துக் கிடப்பவனை நாமே மூழ்கடித்த மாதிரி. அழுகை வந்தால் துணியைக் கடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளிடம் சேதியைச் சொல்வதில்லை. கவிழ்ந்து கிடந்த வத்தையை மாமா பார்த்துவிட்டு வந்திருந்தார். ஐந்து படகுகள் தேடப் போயிருந்தன.

பல வருடம் கழித்து அத்தை சொன்னார்: “நாடகத்த நிறுத்திரவான்னு வாத்தியார் கேட்டாரு. ஒங்கம்மாதான், ‘அவுக வந்தா எத்தன எடத்துல சிரிச்சாகன்னு கேப்பாக. புள்ள முடிக்கட்டும்’னு சொல்லிட்டு, அவரு ஒக்கார வேண்டிய எடத்துல போயி ஒக்காந்தா.” அழக்கூடாது என்பதுதான் வழக்கம். சிரிக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. அதை அம்மா தானாகச் சேர்த்துக்கொண்டாள். அய்யாவின் உடல் மறுநாள் கரையேறியது. அதுவரை அவள் அழவில்லை.

பேத்தி எடுத்துக்காட்டு கேட்டாள். காவல்காரன் கதையைச் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டு மதிப்பெண்ணுக்கு அது போதும்.

அன்று நாடகம் முடிந்து மீசையை அழித்துக்கொண்டிருந்தபோது திருடன் வேடக்காரப் பயல், “ஏலே, ஒன்னால நாடகமே போச்சுடா. ஒருத்தரும் சிரிக்கல” என்றான்.

“எங்கம்மா சிரிச்சாங்கள்ல.”

“பெத்தவுக ஒனக்குச் சிரிக்காம, பின்ன யாருக்குச் சிரிப்பாக?”

எனக்கு ஆத்திரம். அம்மாவிடம் ஓடினேன். “ஏழும் சரியா வந்துச்சாம்மா? அய்யா கேப்பாக.”

“ஏழும் வந்துச்சுய்யா” என்றாள். “வா, கரைக்குப் போவோம். அய்யா வரவும் சொல்லு.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பொங்கலுக்கு அய்யா வாங்கித் தந்த புதுச்சேலையைக் கட்டியிருந்தாள். முந்தானை நுனி ஈரமாக, பல் பட்டுப் பட்டுக் கிழிந்திருந்தது. அய்யா கரைக்கு வந்ததும் முதலில் இதைத்தான் பார்ப்பார், அம்மாவை வையப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. கிழிசல் தெரியாமல் அதை என் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.