நடுவில் நின்றவள்

ஸ்தவாங்கரிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்த நான், மோர்டென்ஸ்ருட் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் நாலு பெண்பிள்ளைகள், ஆள் மாறி மாறிப் பல வருடமாக ஆடிப்பாடும் ஒரு ஜப்பானியப் பெண்கள் குழுவின் ஆட்டத்தைப் பழகுகிறார்கள். இன்று நகரத்தில் போட்டி. நடுவில் ஆடுகிறவளை இன்னும் காணோம். வரிசை குழம்புகிறது.

"ஆச்சி, அவள் வருமட்டும் நடுவிலை நிக்கிறீங்களோ?" என்று அவர்களில் ஒரு தமிழ்ப்பிள்ளை கேட்கிறாள்.

"ஓம், நிக்கிறன். இடிச்சால் பேச்சு விழும்."

கைப்பையோடு அசையாமல் நிற்கிறேன். வரிசை நேராகிறது. ரயில் வந்து நிற்க, அவளும் மூச்சிரைக்க ஓடி வருகிறாள். இடத்தை விடுகிறேன்.

"அந்த ஜப்பான் குழுவிலை ஆரும் விலகினால், பட்டம் பெற்றிட்டா எண்டுதான் சொல்லுறவை. இனி நீங்களும் பட்டதாரி, ஆச்சி!" என்கிறாள் அந்தத் தமிழ்ப்பிள்ளை.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். "அதுக்கென்ன" என்று சொல்லி, எல்லாருக்கும் முன்னால் ரயிலேறுகிறேன்.