என் அறையில் நின்ற எஞ்சின்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அறையில் என்னோடு ஒரு படகு எஞ்சினும் குடியிருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. குடிபெயர்ந்து வந்த குளிர்நாட்டில், மல்வேர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த ரவுன்ஹவுஸ் என்கிற வரிசை வீட்டில், என் உடுப்புகள் தொங்குகிற குளோசெற்றுக்குள், மரச்சட்டம் ஒன்றில் கொழுவி வைத்தபடி பனிக்காலம் முழுவதும் அது நிமிர்ந்து நின்றது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு பழைய மீன்பிடிப் படகு வாங்கியிருந்தார்கள். கோடையில் சனிக்கிழமைகளில் சிம்கோ ஏரிக்குப் போவார்கள். ஏரி உறைவதற்கு முன் படகைத் தெரிந்தவர் ஒருவருடைய காணியில் கவிழ்த்துவிட்டு, எஞ்சினை மட்டும் கழற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு தொடங்கும் அதற்கான பணிவிடை. பின்வளவில் பெரிய குப்பை வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, எஞ்சினின் அடிப்பக்கத்தை அதற்குள் இறக்கி ஓடவிடுவார்கள். கியர் எண்ணெயை மாற்றுவார்கள். பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் அடிப்பார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பா இதில் பாதிக் கவனம்கூடக் காட்டியதில்லை.

கடைசி வேலையில்தான் சண்டை வரும். பெற்றோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, உள்ளே மிஞ்சியிருக்கிற பெற்றோல் எரிந்து முடிந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடவேண்டும். இல்லாவிட்டால் அது மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்து பிசினாகிவிடும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற அப்பா இதை மட்டும் செய்யமாட்டார்.

"அண்ணை, உப்பிடி விட்டா காபரேற்றர் அடைக்கும். போன வருசமும் பட்டதுதானே" என்பார் சித்தப்பா.

"இழுத்த உடன ஸ்ரார்ட் வரவேணும்."

"பனிக்குள்ள ஆர் அண்ணை இழுக்கப்போறது?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். வசந்தம் வந்ததும், சித்தப்பா சொன்னது போலவே, எஞ்சின் பிடிக்காது. அப்பா இரண்டு கிழமை காபரேற்றரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருப்பார். அடுத்த ஒக்டோபரில் திரும்பவும் அதே பிழை. படித்துப் படித்துச் சொன்னாலும் ஏறாத மண்டை என்று நான் மனதுக்குள் திட்டுவேன்.

சித்தப்பா அப்போதுதான் ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கியிருந்தார். இரண்டு கார் நிற்கிற கராஜ். எஞ்சினைத் தா, நான் வைத்திருக்கிறேன் என்று கெஞ்சாத குறை. அப்பா அசையவில்லை. நிலவறையில் ஈரம் என்றார். ஹோலில் வைக்க அம்மா விடவில்லை. வாயில்லாப் பூச்சியாக வீட்டில் இருந்தது நான்தான். என் அறைக்கு வந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் பெற்றோல் கலனும் வந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யூ ஸ்மெல் லைக் அ காஸ் ஸ்ரேஷன்" என்றாள். பெற்றோல் நிலையம் போல மணக்கிறேனாம். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியை என் ஜக்கெற்றை மணந்து பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது கசிவு இருக்கிறதா என்று அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டார். அம்மாவுக்கு மானம் போனது. போனை வைத்த கையோடு சித்தப்பாவைக் கூப்பிட்டார். அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போன நேரம் பார்த்து, சித்தப்பா தன்னுடைய வான் வண்டியில் வந்து எஞ்சினையும் கலனையும் ஏற்றிக்கொண்டு போனார். குளோசெற்றில் என் உடுப்புகளை ஒவ்வொன்றாக அகலப் பரப்பி மாட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

பின்னேரம் அப்பா வந்தார். எஞ்சின் இல்லாத குளோசெற்றைப் பார்த்தார். சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் காரை எடுத்தார். பயத்தில் அம்மாவும் ஏறினார், என்னையும் இழுத்து ஏற்றினார். ஸ்ரௌவ்வில்லில் சித்தப்பா வீட்டு வாசலில்தான் கார் நின்றது.

சித்தப்பா கராஜ் கதவைத் திறந்தார். பெருமையோடுதான் திறந்தார். "எல்லாம் எரிச்சு முடிச்சிட்டன் அண்ணை. ஒரு சொட்டு இல்லை. இனிப் பயமில்லை."

அப்பா கையால் கராஜ் சுவரில் ஓங்கி அடித்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீர்?"

அவர் அம்மாவிடம் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை.

"பிள்ளையில பெற்றோல் மணக்குதெண்டு பள்ளிக்கூடத்தில இருந்து போன் வருது. ஒரு நெருப்புப்பொறி காணும், வீடே போயிடும். உங்களுக்கு என்ன விசரா?" அம்மாவும் விடவில்லை.

"ஓடவேண்டி வந்தா பிள்ளையும் எஞ்சினும் ஒரு இடத்தில இருக்கவேணும்!"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மல்வேர்ன்ல எங்கப்பா கடல் இருக்கு? எங்க ஓடுறது?" என்று நானும் கத்தினேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்து, குரலை இறக்கி, "அண்டைக்கும் இப்பிடித்தான். எஞ்சின் பெரியப்பா வீட்டில. ஒரு சொட்டு பெற்றோல் இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை. சித்தப்பா உடனே போய்க் கலனில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு வந்தார். எஞ்சினைத் தானே தூக்கி எங்கள் காரில் ஏற்றினார். அம்மா பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்காகச் சண்டை போட்டவரும் கட்சி மாறிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் போர்வையை எடுத்துக்கொண்டு ஹோல் சோபாவில் போய்ப் படுத்தேன். காலையில் கண்விழித்தால் என் கட்டிலில் கிடந்தேன். அப்பா தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டிருந்தார். அந்தக் கிழமை முழுவதும் இதே கூத்து. அவரை நான் வெறுத்தேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் சித்தப்பா அதைச் சொன்னார். மன்னாரில் அவர்களுடைய ஊரில், கடற்படை பறித்துவிடும் என்று பயந்து, வீட்டுப் படகு எஞ்சினைப் பெற்றோல் வடித்து, ஊர்க் கோடியில் இருந்த பெரியப்பா வீட்டில் ஒளித்திருந்தார்கள். ஷெல் குண்டுகள் விழத் தொடங்கிய அன்று குடும்பம் முழுவதும் இந்தியாவுக்குப் போகப் படகில் ஏறி எஞ்சினுக்காகக் காத்திருந்தது. பதினாறு வயதான அப்பா அதைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிவந்து, படகில் பூட்டி, பெற்றோல் ஊற்றி இழுத்தார். வறண்டு கிடந்த எஞ்சின் இழுக்க இழுக்கப் பிடிக்கவில்லை. அது பிடிப்பதற்குள் ஷெல் துண்டு பட்டு, படகில் இருந்த அவருடைய தங்கை உயிரை விட்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது.

சொல்லியிருக்கலாம். அவ்வளவு பெரிய எஞ்சினை என் அறைக்குள் கொண்டுவந்து வைத்தவர்கள் அவளுடைய பெயரை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். கராஜில் நின்று கத்திய அன்று, எனக்கு ஓர் அத்தை இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது.