பாலைவனத்தில் ஓர் ஐஸ்கிறீம்

போன மாதம் என் அப்பா ஒரு பாலைவனத்தைச் சோதனை போட்டார்.

சோதனை என்றால் முறையான சோதனை. அப்பா கொழும்பில் சுங்கத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறர் பெட்டிகளைத் திறந்து திறந்து, எதைக் கண்டாலும் அடியில் என்ன கிடக்கிறது என்று தேடும் கை அவருக்கு. குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். விரல்களுக்கிடையில் தேய்த்தார். மணந்தும் பார்த்தார்.

“இஞ்ச மழை பெய்யுமோ?”

“கொஞ்சம் பெய்யுமாம், அப்பா.”

“அப்ப இது பாலைவனம் இல்லை. உன்னை ஆரோ ஏமாத்திப் போட்டாங்கள்.”

நம்புங்கள், கனடாவிலும் ஒரு பாலைவனம் இருக்கிறது. ரொறன்ரோவில் விமானம் ஏறி, இறங்கி, வாடகை வான் வண்டியில் மலைகளைச் சுற்றிச் சுற்றிப் போனால், பிரிட்டிஷ் கொலம்பியாவின் தெற்கு மூலையில் வரும். சின்னதுதான். கள்ளி முழங்காலுக்குக்கூட வராது. ஆனால் வெயில் உண்டு, மணல் உண்டு, வாலால் சத்தம் போடும் பாம்புகள் பற்றிய அறிவிப்புப் பலகை உண்டு. எல்லை தாண்டினால் அமெரிக்காவில் இதைவிடப் பெரிய பாலைவனங்கள் இருக்கின்றனவே என்கிறீர்களா? அப்பாவிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். அதற்கு அமெரிக்க விசா கிடைப்பதற்குள் இந்தப் பாலைவனத்தில் காடு முளைத்துவிடும்.

சரி, எங்களைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, ஸ்காபரோவில் கோயிலும் பிளாசாவுமாக நிம்மதியாக இருந்த மனிதரை ஏன் கூடாரத்துக்குள் படுக்க வைக்க வேண்டும்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் முக்கியமான எதையும் வீட்டில் வைத்துச் சொல்வதில்லை. வெளியே கூட்டிப் போய்த்தான் சொல்வோம். தொடக்கி வைத்தவர் அப்பா. ஒருநாள் அக்காவை கசூரினா கடற்கரைக்குக் கூட்டிப் போனார். திரும்பி வரும்போது அக்காவுக்கு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. பிறகு என் முறை. என்னைச் சைக்கிளில் ஏற்றி யாழ்ப்பாணம் ரவுணுக்குக் கொண்டுபோய் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். நான் பாதி தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, “ஏஜென்சிக்காரனோட கதைச்சிட்டன். வாற கிழமை நீ வெளிநாட்டுக்கு வெளிக்கிடுறாய்” என்றார்.

அந்த ஐஸ்கிறீமின் மிச்சப் பாதியை என்ன செய்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

இந்த முறை சொல்ல வேண்டிய விஷயம் என்னிடம் இருந்தது. அம்மா போன பிறகு அப்பா ஊரில் தனியே இருக்கிறார். நான், என் மனைவி வதனி, இலண்டனில் இருக்கும் அக்கா மூவரும் போனில் கூடி முடிவெடுத்துவிட்டோம் — அப்பா இனித் திரும்பிப் போவதில்லை. எங்களோடுதான். பேஸ்மென்ற் அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. குளியலறைச் சுவரில் வழுக்காமல் பிடிக்கக் கைப்பிடியும் பூட்டியாகிவிட்டது. மீதி இருந்தது ஒன்றே ஒன்று... அப்பாவுக்குச் சொல்வது.

ஆனால் சுங்க அதிகாரியிடம் எதைக் கடத்திக்கொண்டு போவது?

கூடாரத்தின் கம்பிகளோடு நான் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோதே கேட்டார்: “சரி, சொல்லு. என்ன விசயம்?”

“ஒரு விசயமும் இல்லையே.”

“ஒரு விசயமும் இல்லாமல் ஒருத்தனும் தேப்பனை மணலுக்கை கொண்டுவந்து விடமாட்டான்.”

வதனி அடுப்பைப் பற்ற வைப்பதில் திடீரென்று மிகுந்த கவனம் செலுத்தினாள். என் மகள் ஆரணி, பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பவள், எங்கள் மூவரையும் ஆய்வுக்கூட எலிகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

இதில் இன்னொன்றும் உண்டு. அப்பா என்னைச் சந்தேகப்பட்டார், சரி. நானும் அவரைச் சந்தேகப்படத் தொடங்கியிருந்தேன்.

கொஞ்ச நாளாகவே மனிதர் சரியில்லை. தலைக்கு டை அடிக்கிறார். போன் அடித்தால் அடுத்த அறைக்குப் போகிறார். பாலைவனத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டபோது மறு பேச்சில்லாமல் “ஓம்” என்றாரே, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். என் அப்பா எதற்கும் முதல் தடவையில் ஓம் சொன்னவர் அல்ல. இங்கே வந்தால், சிக்னல் கிடைக்கவில்லை என்று கோழி குஞ்சைத் தேடுவதுபோலத் தவிக்கிறார். விடிந்ததும் போனைத் தலைக்கு மேலே பிடித்தபடி மணல் மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

“அப்பப்பா இஸ் ஹைடிங் சம்திங்” என்றாள் ஆரணி.

“இன்ரநெற்றிலை ஆராவது மாமாவைப் பேய்க்காட்டுறாங்களோ தெரியேல்லை” என்றாள் வதனி. “வெள்ளைக்காரப் பொம்பிளையின்ரை படத்தைப் போட்டு எத்தினை பேரை ஏமாத்துறாங்கள். போய்க் கேளுங்கோவன்.”

“எப்பிடிக் கேக்கிறது? அப்பா, நீங்கள் ஏதும் வெள்ளைக்காரியோட கதைக்கிறீங்களோ எண்டோ?”

கேட்கவில்லை. அவரும் பதில் இல்லாத தன் கேள்வியை விடவில்லை. சாப்பிடும்போது, “என்ன விசயம்?” கூடாரத்து ஸிப்பை இழுக்கும்போது, “சொல்லன்.” ஒரு பாம்பைக் கண்டு நாங்கள் எல்லோரும் பின்வாங்கி நின்றபோதும், அவர் பார்த்தது பாம்பை அல்ல, என்னை.

மறுநாள் பின்னேரம். நான் மடக்குக் கதிரையில் சாய்ந்து, நாளைக்கு எப்படித் தொடங்கலாம் என்று வசனம் எழுதிப் பார்த்துக் கொண்டிருந்தேன். அப்பா கூடார முகாமின் வாசலில் இருக்கும் சின்னக் கடைப் பக்கமிருந்து வந்தார். ஒரு கையில் போன். மறு கையில்...

ஐஸ்கிறீம்.

ஒன்றே ஒன்று. எனக்கு.

தலை நரைத்து, முழங்கால் வலிக்கு மாத்திரை போடும் வயதில், திரும்பவும் யாரோ என்னை நாடு கடத்தப் போவதுபோல இருந்தது.

“இந்தா, பிடி. உருகுது.”

பிடித்தேன். நக்கினேன். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து, நான் பாதி முடிக்கும்வரை காத்திருந்தார். மாறவே இல்லை மனிதர்!

“தம்பி, பின் ஒழுங்கையிலை மங்கை ரீச்சரைத் தெரியுந்தானே?”

தெரியும். ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில் இருப்பவர், எனக்கு எட்டாம் வகுப்பில் சரித்திரம் படிப்பித்தவர். கணவர் காலமாகிக் கனகாலம். அம்மாவின் செத்தவீட்டு நாட்களில் எங்கள் வீட்டுக்குச் சோறு சமைத்து அனுப்பியவர்.

“அவவும் நானும் ஒண்டா இருக்கிறதெண்டு முடிவெடுத்திருக்கிறம்.”

“கலியாணமோ!”

“ரெஜிஸ்றேசன் மட்டுந்தான். சாப்பாடு கீப்பாடு ஒண்டும் இல்லை.”

நான் எழுதிவரும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் அன்பைப் பற்றியும், முதுமையின் தனிமையைப் பற்றியும், சமூகம் மாற வேண்டியதைப் பற்றியும் எவ்வளவு எழுதியிருக்கிறேன்! உங்களில் சிலர் வெட்டி ஒட்டி வைத்திருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட முற்போக்காளனின் வாயிலிருந்து வந்தது இது:

“ஊர் என்னப்பா சொல்லும்?”

அப்பா என்னைப் பார்த்தார். பெட்டியின் அடியில் கையை விட்டு எதையோ கண்டுபிடித்தவரின் பார்வை.

“ஊரிலை இருக்கிறது நாங்கள். நீ ஏன் பயப்பிடுறாய்?”

ஐஸ்கிறீம் முழங்கை வரை வழிந்தது. மணல் மேடு சிவந்து கொண்டிருந்தது. வதனியும் ஆரணியும் வான் வண்டிக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நிற்பது எனக்குத் தெரியும். அவர்களின் கால்கள் தெரிந்தன.

“அப்ப... சொன்ன திகதிக்கே திரும்பிப் போறீங்கள்?”

“ஓம். அவ தனிய இருக்கிறா. சரி, நான் சொல்லிப் போட்டன். இனி உன்ரை விசயத்தைச் சொல்லு” என்றார்.

வெள்ளை அடித்த அறை கண்ணுக்குள் வந்தது. சுவரில் பூட்டிய கைப்பிடி வந்தது.

“ஒண்டுமில்லை, அப்பா. சும்மா பாலைவனம் காட்டத்தான்.”

என் முகத்தைப் பார்த்தார். குளியலறைக் கைப்பிடியை அவர் கவனிக்காமல் இருந்திருப்பாரா? நான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும், வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த அதிகாரி என் பெட்டியைத் திறந்து பார்க்காமல் போக விட்டார்.

“நல்ல பாலைவனந்தான்” என்றார்.

அப்பா பத்திரமாக ஊருக்குத் திரும்பிவிட்டார். மங்கை ரீச்சர் நேற்று வட்ஸ்அப்பில் வந்து, நான் இன்னும் சரித்திரத்தில் பிழை விடுகிறேனா என்று விசாரித்தார். பேஸ்மென்ற் அறை காலியாக இருக்கிறது. கைப்பிடியை நான்தான் பிடித்துக் குளிக்கிறேன், வசதியாகத்தான் இருக்கிறது.

இதை எழுதிக் கொண்டிருக்கும்போது ஆரணி வந்து கதவில் சாய்ந்து நிற்கிறாள்.

“அப்பா, பிஸியா? வாங்கோவன், பிக்கரிங் பீச்சுக்கு ஒரு ட்ரைவ் போவம். ஐஸ்கிறீம் என்ரை ட்ரீற்.”

நான் கதிரையைவிட்டு எழும்புவதாக இல்லை.