ஆமை அக்காவும் அவள் குரலில் பேசிய மிஷினும்

இந்தக் கடற்கரை முழுக்க என் பெண்டாட்டிக்கு ஆமை அக்கா என்று பெயர். வைத்தவன் எவனோ, அவன் வாயில் மண் விழ! அதனால் ஸ்கூட்டர் மெக்கானிக்கான நான் ‘ஆமை அக்கா வீட்டுக்காரர்’ ஆகிவிட்டேன். வண்டியைச் சரிபார்த்துத் தரக் கொஞ்சம் தாமதமானாலும் போதும், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கடல் சரணாலய அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பதுதான் அவள் வேலை. கரையோரப் பலகைகளில் எழுதியிருக்கும் அவசர எண் அவள் மேசையில்தான் அடிக்கும். அடிபட்ட ஆமையா, விலங்கு டாக்டருக்குச் சொல்வாள். எல்லைக்குள் எவனாவது வலை போடுகிறானா, ரோந்துப் படகுக்கு. தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா, துறைமுகத்துக்கு. யாராவது உல்லாசப் படகுக்கு டிக்கெட் கேட்டால், “அதுக்கு வேற நம்பர், எழுதிக்கோங்க” என்பாள். அவர்கள் வீடு முழுக்கப் பேனா தேடி முடிக்கும்வரை காத்திருப்பாள். அந்தப் பொறுமையில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் நான் கொடுத்துவைத்தவன்.

டால்ஃபின் கரை ஒதுங்கியது என்று யாராவது சொன்னால் போதும், ஒப்பிக்கத் தொடங்கிவிடுவாள். “கூட்டம் போடாதீங்க. நீங்களா கடலுக்குள்ள தள்ளாதீங்க. ஈரத்துணி போடுங்க, ஆனா தலைமேல இருக்கிற மூச்சுத் துளையை மூடிடாதீங்க. நிழல் குடுங்க, நாயை விரட்டுங்க. எந்த இடம்? பக்கத்துல என்ன இருக்கு?” கேட்டுக் கேட்டு இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

இப்படி இருக்கும்போதுதான் மிஷின் வந்தது. புது அதிகாரி நல்ல மனுஷர். எந்நேரமும் யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று தானாகப் பேசும் மிஷின் ஒன்றை வாங்கினார். ஆமைக்கு ஒன்றை அழுத்து, டால்ஃபினுக்கு இரண்டை அழுத்து என்று அது சொல்லும். அழுத்தினால்தான் அந்தந்த ஆளுக்கு லைன் போகும், இல்லாவிட்டால் பேசியதைச் சும்மா பதிந்துவைத்துக்கொள்ளும். “உங்க குரல்தான்மா எல்லாருக்கும் பழக்கம், நீங்களே பேசிக் குடுங்க” என்றார். இவளும் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தாள். குரலுக்கு எதற்குடி பவுடர் என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. மிஷின் ஒரு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டால் தொலைபேசி மேசையே கிடையாதாம். அவளுக்கு இனி நிரந்தரமாகக் கோப்பு அறைதானாம்.

“சம்பளம் அதேதானே?” என்றேன், பெரிய ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

“ஃபைலு என்னைக்காவது என்னை அக்கான்னு கூப்பிடுமா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அந்த மிஷினை ஸ்பானரால் நாலு போடு போடலாமா என்றுகூட இருந்தது.

மாதம் முடியப் போகிற சமயம். பட்டறைக்குள் ஒரு பெண்மணி விறுவிறுவென்று வந்தார். ஆற்றுமுகத்துப் படகுக்காரரின் மனைவி.

“உங்க வீட்டம்மாவுக்கு எங்க மேல என்ன கோவம்?”

“கோவமா? என்னம்மா ஆச்சு?”

“தாய் டால்ஃபின் ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு. குட்டி பக்கத்துக் குட்டையில சுத்திச் சுத்தி வருது. எங்க வீட்டுக்காரரு அப்பவே அக்காவுக்கு ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ‘அழைத்ததற்கு நன்றி’ன்னு சொன்னாங்களாம். இன்னும் ஒரு ஆளு வரலியே!”

“ரெண்டை அழுத்தினாரா?”

“அக்கா பேசிக்கிட்டு இருக்கும்போது நடுவுல பட்டனை அழுத்துவாங்களா? நல்லா இருக்கே உங்க மரியாதை!”

தலையில் அடித்துக்கொண்டேன். கை கிரீஸைக்கூடத் துடைக்காமல் வண்டியைக் கிளப்பினேன். என் பெண்டாட்டி கோப்பு அறைத் தூசியில் தும்மிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் எழுந்த வேகத்தில் ஒரு அடுக்குக் கோப்பு சரிந்து விழுந்தது. டாக்டர், ரோந்துப் படகு, அதிகாரி எல்லோருக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் பின்னால் ஏறிக்கொண்டாள். “இதுதான் உங்க வேகமா? போங்க!” என்று வழியெல்லாம் முதுகில் குத்தினாள்.

போய்ப் பார்த்தால், தாயின் மேல் ஈரப் போர்வை. மூச்சுத் துளை மட்டும் திறந்திருந்தது. நாலு பேர் பாயை உயர்த்திப் பிடித்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. “நீங்க எப்பவும் சொல்றதையெல்லாம் செஞ்சிட்டோம்க்கா. அதுக்கு மேல என்ன பண்றதுன்னுதான் தெரியல” என்றார் படகுக்காரர்.

டாக்டர் வந்து தொட்டுப் பார்த்து, உயிர் கெட்டியாக இருக்கிறது என்றார். தார்ப்பாயில் ஏற்றித் தூக்கினோம். நானும் ஒரு முனையைப் பிடித்து, வழுக்கிச் சேற்றில் விழுந்து, எழுந்து மறுபடி பிடித்தேன். ஆழத்தில் விட்டதும் தாய் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. என் பெண்டாட்டி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரோந்துப் படகு ஆட்கள் கொண்டுவந்து விட்ட குட்டி அதன் பக்கத்தில் போய் உரசியது. அவ்வளவுதான், இரண்டும் சேர்ந்து கடலைப் பார்த்துப் போயின. ஐயோ, அந்தக் கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும்! டாக்டரே குதித்தார்.

அன்று சாயங்காலம் அதிகாரி மிஷினில் பதிவானதையெல்லாம் போட்டுக் கேட்டார். நாங்களும் கூட இருந்தோம். “அக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கே, சளியா?” “சாப்பிட்டீங்களா அக்கா?” “நான் ஒண்ணு கேக்குறேன், நீங்க உங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறீங்களே!” யாருமே ஒரு பட்டனையும் அழுத்தவில்லை. அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “இவங்க ஆபீசுக்கு ஃபோன் பண்ணலம்மா, உங்களுக்குப் பண்றாங்க. நாளைக்கே மேசைக்கு வந்துடுங்க. ராத்திரிக்கு இன்னொரு ஆளு போட்டுக்கலாம்” என்றார்.

மறுநாள் பட்டறையில் எனக்கு வேலையே ஓடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் ஒருமுறைகூடக் கூப்பிடாத அந்த அவசர எண்ணை அழுத்தினேன்.

“வணக்கம், கடல் சரணாலயம். சொல்லுங்க.”

மிஷினா, அவளேதானா என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஹலோ? பயப்படாம சொல்லுங்க. எந்த இடம்? பக்கத்துல என்ன இருக்கு?”

“பட்டறை. பக்கத்துல ஒரு பழைய ஸ்கூட்டர் இருக்கு.”

“அட கடவுளே! இது அவசர லைனுங்க! வைங்க ஃபோனை!”

வைத்துவிட்டேன். அந்தத் திட்டைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, பட்டறைக்கு வந்த அத்தனை பேருக்கும் அன்று இலவசமாகக் காற்றடித்துக் கொடுத்தேன்.